சிங்கப்பூரில் பாடம் நடத்தியவர் தந்த நெஞ்செரிச்சல் மருந்து: குடித்துவிட்டுப் போடலாமா?

ஸ்காட்லந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். 1924இல் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்தபோது கையில் மிஞ்சியது கடன்தான்.

அதை அடைக்கத்தான் சிங்கப்பூருக்கு வந்தார். 1947இலிருந்து 1950வரை இங்கே மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். நம்மில் பலருக்கு இது தெரியாது!

பிரிட்டன் திரும்பியவர் முதலில் இதயத்துக்குப் புரோப்ரனலோல் மருந்தைக் கண்டுபிடித்தார். பிறகு வயிற்றின் பக்கம் திரும்பினார்.

அமிலத்தைச் சுரக்கத் தூண்டுவது ஹிஸ்டமின். அதன் வேலையைத் தடுத்தால்? 1964இல் தொடங்கிய ஆய்வு, 1976இல் சிமெட்டிடின் மாத்திரையாகக் கடைக்கு வந்தது. அதுவரை வயிற்றுப் புண் முற்றினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். 1988இல் பிளாக்குக்கு நொபெல் பரிசு.

சரி, மாத்திரையைப் போட்டுட்டுக் குடிக்கலாமா?

மதுவில் ஒரு பகுதியை வயிற்றிலுள்ள நொதியே சிதைத்துவிடும். சிமெட்டிடின் அதைத் தடுக்கக்கூடும். சிலருக்குக் கொஞ்சம் குடித்தாலே ரத்தத்தில் மதுவின் அளவு சற்று ஏறலாம். வாகனம் ஓட்டுவோர் கவனிக்கணும்.

ஒமெப்ரசோலில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனால் மது உணவுக்குழாயின் அடித்தசையைத் தளர்த்திவிடும். எந்த மாத்திரை போட்டாலும் வயிற்றில் இருப்பது மேலே ஏறும். எரிச்சல் அடங்கிடுச்சேன்னு தொடர்ந்து குடித்தால், உள்ளே இருக்கும் புண் வெளியே தெரியாமலேயே மோசமாகலாம்.

பிளாக் 2010இல், 85 வயதில் காலமானார். அவருடைய சிமெட்டிடினை மருத்துவர்கள் இப்போது அரிதாகவே எழுதித் தருகிறார்கள்.