பலூன் விற்றவர் டயர் உலகை எட்டியது எப்படி? எம்.ஆர்.எஃப் மாம்மன் மாப்பிள்ளையின் கதை

2023 ஜூன் 13. எம்.ஆர்.எஃப் நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பங்குச்சந்தையில் அதுவரை எந்த நிறுவனமும் தொடாத உயரம். பங்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்காமல் வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் அன்னைக்கு சமூக வலைதளங்களில் இதே பேச்சுதான்.

அந்த நிறுவனம் முதலில் தயாரித்தது டயர் இல்லை, பலூன். இடம், திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட். சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் கடக்கும் ஸ்டேஷன்தான் திருவொற்றியூர். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த ஊர்.

அந்த ஷெட்டைத் தொடங்கியவர் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை. யார் இவர்?

வசதியான வீடு, ஒரே வருஷத்தில் சரிவு

1922-ல் கேரளாவில் பிறந்தவர். அப்பா கே.சி.மாம்மன் மாப்பிள்ளை, மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர். வங்கியும் நடத்தியவர். திருவிதாங்கூர் திவான் சி.பி.ராமசாமி ஐயரின் நிர்வாகத்தோடு ஏற்பட்ட மோதலில் 1938-ல் எல்லாம் கவிழ்ந்தது. வங்கி மூடப்பட்டது, பத்திரிகைக்கு சீல் வைக்கப்பட்டது, அப்பா சிறைக்குப் போனார். அப்போது மகனுக்கு வயது 15.

பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். படிப்பு கிடைத்தது, நல்ல குடும்பத்துப் பெயர் இருந்தது. கையில் பெரிய முதல்தான் இல்லை.

1946: மெஷினே இல்லாத ஃபேக்டரி

குறைந்த முதலில் என்ன செய்யலாம்? ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுத்து, காயவைத்து, உரித்தால் பலூன். திருவொற்றியூர் ஷெட்டில் ஒரு மெஷின்கூட கிடையாது. எல்லாமே கைவேலை. மனைவி குஞ்ஞம்மா கூட நின்றார். தயாரித்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு, மாம்மன் மாப்பிள்ளையே வெளியே போய் விற்றார்.

அதே ரப்பர் பாலில் அடுத்து பொம்மைகள், தொழிற்சாலைக் கையுறைகள், கருத்தடை உறைகள் வந்தன. 1949-ல் பாரிமுனையை ஒட்டிய தம்புச்செட்டி தெருவில் முதல் அலுவலகம் திறந்தார். தொழில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இங்கேயே நின்றிருந்தால் ஒரு நல்ல பலூன் வியாபாரியாக வாழ்க்கையை முடித்திருப்பார்.

1952: முதல் பெரிய திருப்பம்

உறவினர் ஒருவர் டயர் ரீட்ரெடிங் தொழிலில் இருந்தார். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பட்டை ஒட்டி மறுபடி ஓடவைக்கும் வேலை அது. அதற்குத் தேவையான ட்ரெட் ரப்பரை விற்றுக்கொண்டிருந்தது வெளிநாட்டு நிறுவனம் என்பதை மாம்மன் மாப்பிள்ளை கவனித்தார். ரப்பர் நம்ம ஊரில் விளைகிறது. லாரியும் நம்ம ஊரில் ஓடுகிறது. நடுவில் இருப்பதை நாம ஏன் செய்யக்கூடாது?

1952-ல் ட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். திருவொற்றியூருக்கு முதல் மெஷின் வந்தது அப்போதுதான்: ரப்பர் அரைக்கும் மில். தரம் பிடித்துப்போனதால் லாரிக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1956 முடிவதற்குள் நாட்டின் ட்ரெட் ரப்பர் சந்தையில் 50 சதவீதம் எம்.ஆர்.எஃப் கையில். பன்னாட்டு நிறுவனங்கள் அந்தத் தொழிலை விட்டே விலகின.

1961: டயரும் முதல் அடியும்

டயரில் இறங்குவது வேற லெவல் ரிஸ்க். டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் என்று ஜாம்பவான்கள் இருந்த களம். அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்தார். எம்.ஆர்.எஃப் பப்ளிக் கம்பெனி ஆனது. திருவொற்றியூரில் 1961-ல் டயர் உற்பத்தி தொடங்கியது.

ஆனால் அமெரிக்கச் சாலைக்கு ஏற்ற தொழில்நுட்பம் நம்ம சாலைக்குச் செட் ஆகவில்லை. இங்கே பள்ளம், வெயில், அளவுக்கு மீறிய பாரம். பங்கு வாங்கியவர்களின் பணமும், பத்து வருஷம் சம்பாதித்த பெயரும் அந்த டயரின் மேல் நின்றன.

கடன் வாங்கிய தொழில்நுட்பம் போதாது என்று புரிந்ததும், சொந்த ஆராய்ச்சிக்குப் போனார். 1963 ஜூன் 12-ல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். நம்ம சாலைக்கு ஏற்ற டயர் என்பதே இலக்கானது. அடுத்த வருஷம், டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் அந்த 'மசில்மேன்' சின்னம் பிறந்தது. லாரி ஓட்டுநர்கள் தேடியது பலத்தைத்தான் என்பதால் வந்த யோசனை அது.

1967-ல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்த முதல் இந்திய நிறுவனம் ஆனது எம்.ஆர்.எஃப். 1979-ல் மேன்ஸ்ஃபீல்டு பங்குகளை விட்டு விலகியது.

மாறியது எது, மாறாதது எது?

பொருள் மாறியது: பலூன், கையுறை, ட்ரெட் ரப்பர், டயர். வாங்குபவர் மாறினார்: குழந்தையிலிருந்து லாரி ஓனர் வரை. கைவேலை மெஷினானது, பிறகு ஆராய்ச்சிக்கூடம் வந்தது.

மாறாதது ரப்பர். 1946 முதல் அவர் அந்த ஒரே பொருளை விடவில்லை. ஒவ்வொரு தாவலும் முந்தைய வேலையில் கற்றதன் மேல் நின்றது. ட்ரெட் ரப்பர் விற்றபோதே எந்தச் சாலையில் எந்த டயர் எப்படித் தேயும் என்று லாரிக்காரர்களிடம் பாடம் கிடைத்துவிட்டது. அதனால்தான் முதல் டயர் சறுக்கியபோதும் அவரால் கடையை மூடாமல் சரிசெய்ய முடிந்தது. அவசரமும் இல்லை, பலூனில் இருந்து டயருக்கு 15 வருஷம் ஆனது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கும், கம்பெனி மாறலாமா என்று யோசிக்கிற ஐடி ஊழியருக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் கையில் சேர்ந்த 'ரப்பர்' எது? அது தெரிந்தால், அடுத்து எதற்கு மாறலாம் என்பது பாதி தெரிந்த மாதிரி.

2003 மார்ச்சில், 80 வயதில் மாம்மன் மாப்பிள்ளை காலமானார். இன்னொரு சுவாரஸ்யம்: ஃபன்ஸ்கூல் பொம்மைகள் தெரியும்தானே? அதுவும் எம்.ஆர்.எஃப் குழுமம்தான்.