கடலுக்கு அடியில் வந்த தலைவர்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் மலாயாக் கப்பல் புறப்படும் நாள் என்றால் கண்ணீர்தான். தஞ்சை வயல்களில் நெல் குவிந்தது. நாற்று நட்டவர்களின் வயிறு நிறையவில்லை. மூட்டை முடிச்சுகளுடன் ஏழைகள் கப்பல் ஏறினார்கள். பினாங்கில் இறங்கி, ரப்பர் தோட்டங்களில் பாடுபட்டார்கள்.

1942-ல் மலாயாவை ஜப்பான் பிடித்தது. கப்பல் நின்றது. கடிதம் இல்லை, பணமும் இல்லை. போனவர்கள் என்ன ஆனார்களோ என்று ஊரில் உறவினர் தவித்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் நடுவே, மறு ஆண்டு ஒரு தலைவர் வந்து நின்றார். அவரும் கடல் வழியாகத்தான் வந்தார். ஆனால், கடலுக்கு அடியில்! அவர்தான் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ்.

பதவியை உதறியவர்

1897 ஜனவரி 23-ந் தேதி கட்டாக் நகரில் பிறந்தார். இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். பரீட்சையில் நாலாவதாகத் தேறினார். வெள்ளையருக்கு ஊழியம் செய்ய மனம் இல்லை. 1921-ல் அந்த வேலையை உதறினார். 1938-லும் 1939-லும் காங்கிரஸ் தலைவர் ஆனார்.

1941 ஜனவரியில் கல்கத்தாவில் போலீஸ் காவலில் இருந்த வீட்டிலிருந்து மாறுவேடத்தில் தப்பினார். காபூல் வழியாக ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்.

மூன்று மாதப் பயணம்

இந்தியாவை மீட்கக் கிழக்கே படை திரட்ட வேண்டும். ஆனால் கடல் எங்கும் பிரிட்டிஷ் கப்பல்களின் காவல்! 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் "யு-180" என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார். ஆபித் ஹசன் ஒருவரே துணை. குறுகிய இடம். டீசல் நாற்றம். எதிரி கண்டுகொண்டால் ஜலசமாதிதான்!

மடகாஸ்கருக்கு அப்பால் "ஐ-29" என்ற ஜப்பானிய நீர்மூழ்கி காத்திருந்தது. கடல் கொந்தளித்தது. ஏப்ரல் 28-ந் தேதி, சிறிய ரப்பர் படகில், அலையில் நனைந்தபடி இருவரும் அதற்கு மாறினார்கள். மே 6-ந் தேதி சுமத்ராவின் முனையில் உள்ள சபாங்கில் கரை ஏறினார்கள்.

எவ்வளவு பெரிய ஆபத்து அது! அந்த ஆண்டு நவம்பரில், பினாங்கு அருகே, "டாரஸ்" என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி டார்பிடோ ஏவி, "ஐ-34" என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். சில மாதம் முந்தியிருந்தால், நேதாஜிக்கும் அதே கதி நேர்ந்திருக்கலாம்.

தமிழர் படை

1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். ரப்பர் தோட்டத் தமிழர்கள் திரண்டு வந்து சேர்ந்தார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அதுவரை கூலிகள் என்று அழைக்கப்பட்டவர்கள், வீரர்கள் ஆனார்கள்.

போரில் வெற்றி கிட்டவில்லை. 1945 ஆகஸ்டு 18-ந் தேதி பார்மோசா தீவில் விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்று செய்தி வந்தது. அப்போது வயது 48. பலர் அதை நம்ப மறுத்தார்கள்.

அவர் திரும்பி வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைச் சந்திரபோஸ் என்று பெயர் சொல்லி அழைத்தார்கள்.