கஸ்தூர்பாய் லால்பாய்: சாயத்தொழில் செய்த சாவகர்

கொங்கு நாட்டில் சமணம் தழைத்திருந்ததற்குச் சான்றாக விசயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் சினாலயம் இன்றும் நிற்கிறது. அதற்கு அண்மையில் உள்ள சென்னிமலை, கைத்தறிப் போர்வைக்குப் பெயர் பெற்ற ஊர். போர்வை நூலுக்கு ஏற்றும் கெட்டிச் சாயம் முன்னாளில் ஜெர்மனி, இங்கிலாந்து நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. அதனை நம் நாட்டிலேயே பெருமளவில் ஆக்க வழிகண்டவர்களுள் முதன்மையானவர் ஒரு சமணச் சாவகர். அவரே அகமதாபாத் கஸ்தூர்பாய் லால்பாய்.

அவர் 1894 டிசம்பர் 19 அன்று பிறந்தார். முகலாய அரசவையின் மணி வணிகர் சாந்திதாஸ் ஜவேரியின் வழித்தோன்றல். 1912இல் தந்தை லால்பாய் தல்பத்பாய் மறைந்தபோது, கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டுப் பதினேழு வயதில் ராய்ப்பூர் ஆலையின் பொறுப்பை ஏற்றார். (அவ்வாலை இருந்தது அகமதாபாத்தில்தான், ராய்ப்பூர் நகரில் அன்று.) உலகெங்கும் வாணிகம் சரிந்திருந்த 1931இல், அஞ்சாது உடன்பிறந்தாரோடு அரவிந்த் ஆலையைத் தொடங்கி, மெல்லிய உயர்தரத் துணியில் வெளிநாட்டாரோடு போட்டியிட்டார்.

நாடு விடுதலை பெற்று மூன்று வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 5 அன்று, அதுல் நிறுவனம் பிறந்தது. குஜராத்தின் வல்சாடு அருகே பார் ஆற்றங்கரையில், அமெரிக்கச் சயனமிட் நிறுவனத்தின் துணையோடு எழுந்த அச்சாயத் தொழிற்சாலையை 1952இல் நேரு திறந்துவைத்தார். பின்னர் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தோடு கூட்டாக, துவைத்தாலும் மங்காத வாட் சாயங்களும் அங்கே உருவாயின. தொழிலாளர் குடியிருப்பும் பள்ளியும் மரச்சோலையும் சூழ அவ்வளாகம் வளர்ந்தது.

அவர் சுவேதாம்பரர். அவர் நெடுங்காலம் தலைமை தாங்கிய ஆனந்த்ஜி கல்யாண்ஜி பேரவை, தலங்களின் உரிமை குறித்துத் திகம்பரர்களோடு வழக்காடியதும் உண்டு. ஆயினும் ராணக்பூரையும் தில்வாராவையும் சிதைவிலிருந்து மீட்ட அவர் பணியை நாம் மறுப்பது நேர்மையாகாது. நூற்றாண்டுகளுக்கு முந்தைய பளிங்கு வேலைப்பாட்டுக்கு இணையாகச் செதுக்கவல்ல சிற்பியரைக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு அப்பணியை நடத்தினார்.

கல்லுக்குக் காட்டிய இப்பரிவு நீருக்கும் கிட்டியதா? நம் அறத்தில் நீரும் ஓரறிவுயிர். ஆகவே இவ்வினா அயலார் எழுப்புவது அன்று. இல்லறத்தார் விலக்க வேண்டியனவாகச் சுவேதாம்பர நூல்கள் எண்ணும் 15 தொழில்களுள் அரக்கு வாணிகம், நஞ்சு வாணிகம், நீர்நிலையை வற்றச் செய்தல் ஆகியவை அடங்கும். தொழில்வழி நேரும் இம்சை இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாதது என நம் பெரியோரும் ஒப்புவர். ஆனால் தவிர்க்க இயலாதது எது, தவிர்க்க முயலாதது எது? சாயத் தொட்டியின் கழிவு எங்கே செல்கிறது என்று அன்றைய இந்தியாவில் சட்டம் கண்டிப்போடு வினவவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தபோது அவருக்கு வயது 79. 1980 சனவரி 20 அன்று அவர் மறைந்தார்.

வினவாமையின் விளைவைக் கண்கூடாகக் கண்டது கொங்கு நாடு. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992இல் அணை கட்டப்பட்டது. பாசனத்துக்கு எழுந்த அவ்வணையில் தேங்கியது திருப்பூர்ச் சாயநீர். கிணறுகள் உப்பாயின, தென்னைகள் பட்டன. அந்நீரை வெளியேற்றிய பட்டறைகளுள் பெரும்பாலானவை குடும்பத் தொழில்கள். கொடியவர் நடத்தியவை அல்ல. தந்தை செய்ததை மகன் செய்தான், அவ்வளவே. உழவர் வழக்காடினர், கழிவுநீர் ஒரு துளியும் வெளிச்செல்லலாகாது என்ற ஆணையை நிறைவேற்றாமையால், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

கஸ்தூர்பாயின் பெயரன்மார் காலத்தில் அரவிந்த் நிறுவனமும் நீரின் கணக்கைப் பார்க்கத் தொடங்கியது. 2019இல் அகமதாபாத்தில் உள்ள அதன் டெனிம் ஆலைக்கென ஒரு சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. நகரத்து வீடுகளின் கழிவுநீரைத் தூய்மை செய்து, நன்னீருக்கு மாற்றாக ஆலைக்கு வழங்குவது அதன் பணி.