நுண்ணுலகைக் கண்ட துணி வணிகர்
அன்ரனி வான் லீவன்ஹூக் (1632 – 1723)

மாணவர்களே, பால், வினாகிரி, மிளகு ஊறிய நீர் என்பன நீங்கள் வீட்டில் அன்றாடம் காணும் திரவங்களாகும். இத்தகைய திரவங்களை ஆராய்ந்தே பற்றீரியாக்களை முதன்முதலாகக் கண்டார் லீவன்ஹூக். அவரது வாழ்க்கையை இங்கு அறிந்துகொள்வோம்.

இவர் 1632 ஒக்ரோபர் 24 இல் ஒல்லாந்தின் டெல்ப்ற் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 16 வயதில் அம்ஸ்ரடாமில் துணி வணிகம் பழகினார். பின்னர் டெல்ப்ற் நகரில் சொந்தமாகத் துணிக்கடை நடத்தினார். பல்கலைக்கழகக் கல்வி பெறாத இவர், அக்கால அறிஞர்களின் மொழியான இலத்தீனையும் அறிந்திருக்கவில்லை.

இவர் தாமே வில்லைகளைத் தீட்டி, இரு உலோகத் தகடுகளுக்கிடையே ஒற்றை வில்லையைப் பொருத்தி நுணுக்குக்காட்டிகளை அமைத்தார். இன்று எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு உருப்பெருக்கும் ஆற்றலுடையது.

1674 இல் குருதியிலுள்ள செங்குழியங்களை விவரித்தார். பாலில் மிதக்கும் சிறு கோளங்களையும் வினாகிரியில் நெளியும் நுண் புழுக்களையும் அவதானித்தார். மிளகு ஏன் காரமாயுள்ளது என அறிய விரும்பி, 1676 இல் அதனை மூன்று கிழமைகளளவில் நீரில் ஊறவிட்டார். காரத்தின் காரணம் தெரியவில்லை. ஆனால் அந்நீரில் எண்ணற்ற நுண்ணங்கிகள் அசைவதைக் கண்டார்.

இதனை இலண்டன் றோயல் கழகத்திற்குக் கடிதம் மூலம் அறிவித்தபோது பலர் நம்பவில்லை. இலத்தீன் அறியாத கடைக்காரரின் சொல்லை எவ்வாறு ஏற்பது? லீவன்ஹூக் மனந்தளரவில்லை. தாம் கண்டதை நேரிற் கண்ட எட்டுப் பேரின் சாட்சியங்களை அனுப்பினார். 1677 நவம்பரில் றொபேட் ஹூக் மிளகு நீரைத் தாமே தயாரித்துப் பரிசோதித்து, அவர் கூறியது உண்மையென உறுதிப்படுத்தினார். 1680 இல் கழகம் இவரை உறுப்பினராக்கியது.

1683 இல் தமது பற்களிற் படிந்திருந்த பொருளிலும் நுண்ணங்கிகளைக் கண்டார். அவற்றுடன் வினாகிரியைக் கலந்தபோது அவை உடனே இறந்தன. ஆனால் வினாகிரியால் வாய் கொப்பளித்த பின்னரும் படிவில் உயிருள்ளவை காணப்பட்டன. வெளிப்புறத்தில் இருந்தவையே இறந்தன என அவர் முடிவு செய்தார். 1723 ஓகஸ்ற் 26 இல், 90 ஆவது வயதில் காலமானார்.

கவனத்திற் கொள்க:
1. நுணுக்குக்காட்டியை முதலில் கண்டுபிடித்தவர் இவரல்லர். இவருக்கு முன்பே அது இருந்தது.
2. கலத்திற்குப் பெயரிட்டவர் றொபேட் ஹூக் (1665).
3. நுண்ணங்கிகள் நோயை உண்டாக்கும் என்பதை நிறுவியவர்கள் 19 ஆம் நூற்றாண்டின் லூயி பாஸ்ரர், றொபேட் கொக் முதலியோர்.

ஒரு கூற்று ஏற்கப்படுவது கூறியவரின் தகுதியால் அன்று. பிறரும் செய்து பார்த்து அதே முடிவைப் பெறுவதாலேயே ஆகும். நீங்கள் ஆய்வுகூடத்தில் அவதானங்களைப் பதியும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.