செம்பைக் காத்தார், கப்பல் மந்தமானது: ஹம்ப்ரி டேவியின் கதை

சேர் ஹம்ப்ரி டேவி என்றதும் பலருக்கு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாப்பு விளக்குத்தான் நினைவுக்கு வரும். 1815இல் அதை உருவாக்கிய அவர், அதற்குக் காப்புரிமை பெறவில்லை. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. அது சரியாக வேலை செய்தது. அதனாலேயே தோற்றும் போனது.

1778இல் இங்கிலாந்தின் பென்சான்ஸ் என்ற ஊரில், மரச் செதுக்குத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் டேவி. பதின்ம வயதில் தந்தையை இழந்தார். மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்து, இரசாயனத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றார். 1807இல் மின்சாரத்தைக் கொண்டு பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1820இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் தலைவரானார்.

அக்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் மரக் கப்பல்களுக்கு அடிப்பகுதியில் செம்புத் தகடு அடித்திருந்தார்கள். மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து அது காத்தது. ஆனால் உப்புநீர் அந்தச் செம்பையே அரித்தது. கடற்படை டேவியின் உதவியை நாடியது.

அவர் சொன்ன வழி எளிமையானது. செம்போடு நாகத்தையோ இரும்பையோ தொடுத்துவிட்டால், கடல்நீரில் அந்த உலோகம் கரையும், செம்பு தப்பிவிடும். 1824இல், கொச்சியில் கட்டப்பட்ட சமரங் என்ற போர்க்கப்பலில் இதைப் பரீட்சித்தார்கள். செம்பு அரிக்கவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. செம்பு மெல்லக் கரைந்து நீரில் கலப்பதுதான் சிப்பிகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. அரிப்பு நின்றதும் அந்த நஞ்சும் நின்றது. கப்பலின் அடியில் சிப்பிகள் படர, வேகம் குறைந்தது. பொருத்திய உலோகங்களைக் கழற்றும்படி கடற்படை உத்தரவிட்டது. டேவி பகிரங்கமாகக் கேலிக்கு உள்ளானார். 1826இன் இறுதியில் பக்கவாதம் தாக்க, மறுவருடம் தலைவர் பதவியைத் துறந்தார். 1829இல் ஜெனீவாவில் இறந்தபோது அவருக்கு வயது 50.

அவருடைய விஞ்ஞானம் பிழையென்று நான் நினைக்கவில்லை. அவரிடம் கேட்கப்பட்டது செம்பைக் காக்கும் வழி. கடலோடிக்குத் தேவைப்பட்டதோ வேகமாக ஓடும் கப்பல். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கடல்தான் காட்டிக்கொடுத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உருகிய உலோகத்தைக் காற்றழுத்தத்தால் விசிறிப் பூசும் முறையைச் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் உல்ரிச் ஷூப் உருவாக்கினார். இன்று உருக்குப் பாலங்களில் அப்படி விசிறப்படும் நாகப் பூச்சு, கீறல் விழுந்தாலும் முதலில் தானே அரிபட்டு உருக்கைக் காக்கிறது. அது டேவியின் தத்துவம்தான். இன்றைய உருக்குக் கப்பல்களின் அடியிலும் நாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. ஆனால் சிப்பிகளைத் தடுக்கத் தனியாக ஒரு பூச்சும் பூசுகிறார்கள். டேவிக்குக் கிடைக்காமல் போனது அந்த இரண்டாவது பூச்சுத்தான்.