கைம்பெண் பெயர் தாங்கிய புட்டி

பிரெஞ்சு நாட்டின் வடகிழக்கே ரீம்ஸ் என்றொரு நகரம். பழைய பிரெஞ்சு மன்னர்கள் முடிசூட்டிக் கொண்ட மாதா கோவில் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்த பிரயாணிகள் பலர் அடுத்தபடியாகப் பூமிக்கு அடியில் இறங்குவார்கள். ரோமானியர் காலம் முதல் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குழிகள் அவை. மேலே குறுகி, கீழே போகப் போக அகன்று, உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பெரிய கூம்புக்குள் நிற்பது போலிருக்கும். வெளியே கோடையானாலும் பனியானாலும் உள்ளே ஒரே குளிர். அந்த இருட்டில்தான் ஷாம்பேன் புட்டிகள் வருஷக்கணக்கில் உறங்குகின்றன. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 2015-ல் இந்த நிலவறைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. இன்று அவை கிடங்கும் காட்சிசாலையுமாக இருக்கின்றன.

அந்த ஊரில் கேட்காமல் திரும்ப முடியாத பெயர் ஒன்று உண்டு: வெவ் கிளிக்கோ. வெவ் என்றால் பிரெஞ்சு மொழியில் கைம்பெண். ஷாம்பேன் என்பதோ கல்யாணத்துக்கும் வெற்றி விழாவுக்கும் திறக்கிற மது. சுப காரியத்தில் கைம்பெண் எதிரே வரலாகாது என்று ஒதுக்கி வைத்த வழக்கம் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே அந்தச் சொல்லையே புட்டியின் நெற்றியில் ஒட்டி, விருந்து மேஜையின் நடுவில் வைக்கிறார்கள். மதுவைத் தொடாதவர்களுக்கும் இந்த அம்மையாரின் கதை தெரிந்திருப்பது நல்லது.

பார்ப்-நிக்கோல் போன்சார்தான் 1777 டிசம்பர் 16-ல் ரீம்ஸில் பிறந்தார். தந்தை ஜவுளி உற்பத்தியாளர். காற்றடிக்கும் திசை அறிந்தவர். பிரெஞ்சுப் புரட்சியையும் சமாளித்தார், நெப்போலியன் ஆட்சியில் நகர மேயராகவும் ஆனார். மகளை 1798-ல் பிரான்சுவா கிளிக்கோ என்ற இளைஞருக்கு மணம் செய்து கொடுத்தார். மாமனார் பிலிப் கிளிக்கோவுக்கு ஜவுளியும் வட்டித் தொழிலும் பிரதானம். 1772-ல் தொடங்கிய மது வியாபாரம் பக்கத் தொழில். மகன்தான் மதுவில் ஆசை வைத்து ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தார்.

1805 அக்டோபரில் பிரான்சுவா ஜுரத்தில் இறந்து போனார். தற்கொலை என்றும் ஊரில் வதந்தி கிளம்பிற்று. அம்மையாருக்கு வயது 27. கையில் ஒரு சிறு பெண் குழந்தை. மாமனார் மனமுடைந்து, மது வியாபாரத்தையே மூடிவிட நினைத்தார். மருமகள் தானே நடத்துவதாக முன்வந்தார். நெப்போலியன் கொண்டுவந்த சட்டப்படி மணமான பெண் கணவன் சம்மதமில்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை கிடையாது. அவர் மறுமணம் செய்து கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாமனார் ஒரு நிபந்தனை போட்டார்: அலெக்சாந்தர் ஃபூர்னோ என்ற அனுபவசாலியோடு கூட்டுச் சேர்ந்து தொழிலைக் கற்க வேண்டும். நாலு வருஷம் கற்றார். நாலு வருஷமும் நஷ்டம். நெப்போலியனின் யுத்தங்களால் துறைமுகங்கள் அடைபட்டுக் கிடந்தன. ஆம்ஸ்டர்டாமில் ஆயிரக்கணக்கான புட்டிகள் முடங்கிக் கெட்டுப் போயின. சரக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: வழியில் நின்றுபோன சரக்கு ஒவ்வொரு நாளும் முதலாளியின் ரத்தத்தைக் குடிக்கும். 1810-ல் கூட்டாளி விலகிக் கொண்டார். அம்மையார் விலகவில்லை, தம் பெயரிலேயே கம்பெனியைத் தொடர்ந்தார்.

1814-ல் ருஷ்யப் படை ரீம்ஸுக்குள் புகுந்தது. சிப்பாய்கள் ஊரின் நிலவறைகளில் இறங்கிக் குடித்தார்கள். நெப்போலியன் முடிதுறந்ததும் அம்மையார் மற்றவர்களைப் போலக் கடல்வழி திறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. 10,550 புட்டிகளை டச்சுக் கப்பல் ஒன்றில் ஏற்றி, போட்டியாளர்கள் அறியாமல், பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்கு அனுப்பி விட்டார். லூயி போன் என்ற அவருடைய விற்பனையாளர் கப்பலிலேயே கூடப் போனார். ருஷ்யாவின் வாசல் திறந்தபோது பக்கத்திலேயே நின்றது இவருடைய சரக்கு மட்டும்தான். கப்பல் பிடிபட்டிருந்தால் கம்பெனி அன்றோடு மூழ்கியிருக்கும். 1811-ல் வானில் வால்நட்சத்திரம் தோன்றிய வருஷம் விளைந்த அருமையான திராட்சையின் மது அது. ருஷ்யர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். புஷ்கினின் கவிதையில்கூட அம்மையார் பெயர் ஏறிற்று.

இனி வந்தது வேறு தொல்லை. ஷாம்பேனில் நுரை வருவது புட்டிக்குள்ளேயே அது இரண்டாம் முறை புளிப்பதால். புளிக்க வைக்கும் ஈஸ்ட் செத்து வண்டலாகத் தங்கி மதுவைக் கலங்கடிக்கும். ஒரு புட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றித் தெளிய வைத்தால் நுரையும் போகும், மதுவும் வீணாகும். 1816 வாக்கில் அம்மையாரும் அவருடைய நிலவறை மேஸ்திரி அந்துவான் முல்லரும் ஒரு வழி கண்டார்கள். பலகையில் துளைகள் போட்டுப் புட்டிகளைக் கழுத்து கீழாகச் செருகினார்கள். தினமும் ஒவ்வொன்றையும் சிறிது திருப்பி அசைத்தார்கள். சில வாரங்களில் வண்டல் முழுவதும் தக்கையின் மேல் வந்து உட்காரும். சட்டென்று திறந்தால் அழுத்தத்தில் வண்டல் தெறித்து விழும். குறைந்ததை நிரப்பி மறுபடி அடைத்து விடலாம். தம் வீட்டுச் சமையலறை மேஜையிலேயே முதல் துளைகளைப் போட்டார் என்று சொல்வார்கள். சில வருஷம் ரகசியமாயிருந்தது. பிறகு ஊரெல்லாம் கற்றுக் கொண்டது. புட்டி திருப்பும் வேலையை இப்போது பெரும்பாலும் யந்திரம் செய்கிறது. துளைப் பலகையோ நிலவறை பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டும் பொருளாகி விட்டது.

ஒரே மகள் க்ளெமென்தீன் ஒரு பிரபுவை மணந்தார். மருமகன் செலவாளி. அம்மையார் வியாபாரத்தை அவர் கையில் தரவில்லை. 1821-ல் வேலைக்குச் சேர்ந்த எடுவார் வெர்லே என்ற உழைப்பாளியை 1831-ல் கூட்டாளியாக்கினார். பிற்பாடு கம்பெனி அவர் வசமே போயிற்று. மகள் குடும்பத்துக்கு பூர்சோவில் மாளிகை கட்டித் தந்தார். அவருடைய முதுமைக் கால ஓவியம் ஒன்று உண்டு. கையில் புத்தகத்தோடு நாற்காலியில் கனத்த சரீரமாய் அமர்ந்திருக்கிறார், காலடியில் கொள்ளுப்பேத்தி ஆன். இந்தச் சிறுமிதான் பின்னாளில் உஸேஸ் சீமாட்டியாகி, 1898-ல் மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் வாங்கி, வேகமாக ஓட்டியதற்கு அபராதமும் கட்டினார்.

அம்மையார் 1866 ஜூலை 29-ல், 88-வது வயதில் காலமானார். இன்று அவர் பெயரால் காட்டப்படும் சுண்ணாம்புக் குழிகளைக் கம்பெனி வாங்கியது 1909-ல்தான்.

2010-ல் பால்டிக் கடலில், பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுகளுக்கு அருகே, மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து 168 ஷாம்பேன் புட்டிகளை முக்குளிப்பவர்கள் எடுத்தார்கள். ஒட்டியிருந்த சீட்டுகள் கடலில் கரைந்து போயிருந்தன. தக்கையில் சுட்டுப் பொறித்த முத்திரையை வைத்தே பல புட்டிகள் அம்மையாருடையவை என்று கண்டார்கள். விஞ்ஞானிகள் சோதித்தபோது லிட்டருக்கு சுமார் 150 கிராம் சர்க்கரை இருந்தது. இன்று சாதாரணமாக விற்கும் ஷாம்பேனில் 12 கிராமுக்கு மேல் இருப்பதில்லை. ருஷ்யர்களுக்கு 150-ம் போதாதாம். அவர்களுக்கென்று அம்மையார் இன்னும் அதிகம் சர்க்கரை சேர்த்து அனுப்பி வந்தார்.