கடன் உணர்ந்த பெரியவர் தாதாபாய் நௌரோஜி

பம்பாயில் கட்டணம் வாங்காத ஒரு பள்ளி இல்லாதிருந்தால், நான்கு வயதில் தந்தையை இழந்த அந்தப் பார்சிச் சிறுவனின் பெயரை இன்று நாம் அறிந்திருக்க மாட்டோம். 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் ஏழைப் புரோகிதர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் தாதாபாய் நௌரோஜி. தாய் மாணெக்பாய் அரும்பாடுபட்டு மகனை வளர்த்தார். எல்பின்ஸ்டன் கல்விக் கழகத்தில் பயின்ற அவர், பின்னர் அங்கேயே கணிதமும் இயற்கைத் தத்துவமும் கற்பிக்கும் பேராசிரியரானார். (இயற்பியலுக்கு அன்று வழங்கிய பெயர் இயற்கைத் தத்துவம்.) இந்தியர் ஒருவருக்கு அங்கே அப்பதவி கிடைத்தது அதுவே முதல் முறை.

தமது இலவசக் கல்வியை அவர் அதிர்ஷ்டமாகக் கருதவில்லை, கடனாகக் கருதினார். தம்மைப் படிக்க வைத்தது ஏழைகள் செலுத்திய வரிப்பணம், ஆகவே தம் வாழ்வு அவர்களுக்கு உரியது என்று இளமையிலேயே முடிவு செய்தார். 1849-இல் நண்பர்களுடன் சேர்ந்து பம்பாயில் பெண்களுக்குப் பள்ளிகள் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாட வேண்டியிருந்தது. சில வீடுகளில் வரவேற்பு கிடைத்தது. சில வீடுகளில் வசைதான் கிடைத்தது.

1855-இல் காமா வணிக நிறுவனத்தின் பங்காளியாக லண்டன் சென்றார். அபினி, மது வியாபாரத்தில் வரும் இலாபம் மனத்திற்கு ஒவ்வாததால், சில ஆண்டுகளில் அதிலிருந்து விலகினார்.

லண்டனில் அவர் மேற்கொண்ட பெரும்பணி, கணக்குப் பார்ப்பது. 1867-இல் அவர் படித்த கட்டுரையின் தலைப்பே, இங்கிலாந்து இந்தியாவுக்குப் பட்டிருக்கும் கடன் என்பதுதான். இந்தியாவிலிருந்து வெளியேறும் பொருள்களின் மதிப்பு, உள்ளே வரும் பொருள்களின் மதிப்பைவிட ஆண்டுதோறும் மிகுதியாக இருந்தது. அந்த மிகுதி எங்கே போயிற்று? ஆங்கிலேய அதிகாரிகளின் ஊதியமாகவும் ஓய்வூதியமாகவும், கடனுக்கு வட்டியாகவும், லண்டன் அலுவலகச் செலவாகவும் போயிற்று. உழைத்தவனுக்கு அது திரும்பவில்லை. முன்னாளில் படையெடுத்து வந்தவன் கொள்ளையடித்துப் போனால் காயம் ஒருநாள் ஆறிவிடும். இதுவோ ஆறவிடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும் குருதி என்பது அவர் வாதம்.

1876-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய். அரசுத் தரப்பு 1882-இல் தானே கணக்கிட்டபோதும் 27 ரூபாய்தான் வந்தது. இதைவிடக் கூர்மையானது அவர் செய்த மற்றோர் ஒப்பீடு. சிறைக் கைதி ஒருவனுக்கு உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவை அரசு அறிக்கைகளிலிருந்தே எடுத்து, மாகாணவாரியாக எதிரே வைத்தார். குற்றம் செய்தவனுக்கு அரசு அளிக்கும் அளவுகூட, குற்றமற்ற உழவனுக்குக் கிட்டவில்லை! அந்த 1876-தான் தமிழகம் தாது வருஷப் பஞ்சத்தில் வீழ்ந்த ஆண்டு என்பதை நினைத்தால், இந்த எண்கள் வெறும் எண்களாக இரா.

1886-இல் லண்டனில் தேர்தலில் நின்று தோற்றார். கறுப்பு மனிதர் ஒருவரை ஆங்கிலேயத் தொகுதி தேர்ந்தெடுக்காது என்று பிரதமர் சாலிஸ்பரி பிரபுவே 1888-இல் மேடையில் பேசினார். 1892-இல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. வித்தியாசம் 5 வாக்குகள்! அவர் பெயரை உச்சரிக்க வராதவர்கள் ‘நேரோ மெஜாரிட்டி’ என்று வேடிக்கை செய்தார்களாம். சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893-இல் கீழவையில் நிறைவேறியது. அரசாங்கமோ அதைக் கிடப்பில் போட்டது. 1895-இல் அவர் தொகுதியை இழந்தார்.

மனுப் போடுவதும் மன்றாடுவதும் எதற்கு என்று இளைய தலைமுறையினர் ஏளனம் செய்தனர். அந்த ஏளனம் முற்றிலும் நியாயமன்று என்றே தோன்றுகிறது. எதிராளியின் மனசாட்சியைச் சோதிக்காமலே அவனைக் கைவிடுவது எளிது. தாதாபாய் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சோதித்தார். 1901-இல் வெளிவந்த அவரது பெரும் நூலின் பெயர்கூட, அந்த ஆட்சி பிரிட்டிஷ் தர்மத்திற்கே பொருந்தாதது என்றுதான் குற்றம் சாட்டியது. பொருந்தியிருந்தால் ஏற்றிருப்பார் என்பது அதன் உட்பொருள். அந்த நம்பிக்கை தேய்ந்தது, கோபத்தினால் அல்ல, கணக்கினால்.

1906-இல் கல்கத்தா காங்கிரஸுக்கு மூன்றாம் முறையாகத் தலைமை தாங்கியபோது அவருக்கு வயது 81. குரல் தளர்ந்திருந்ததால் உரையைக் கோகலே படித்தார். சுயராஜ்யமே இந்தியாவின் கோரிக்கை என்று அந்த உரை காங்கிரஸ் தலைமைப் பீடத்திலிருந்து அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் காந்திஜி எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில், முதியவர்களைக் குறைகூறும் இளைஞனிடம், தாதாபாய் நிலத்தைப் பண்படுத்தாவிட்டால் நாம் இன்று சுயாட்சி பற்றிப் பேசவே முடியாது என்ற கருத்து வற்புறுத்தப்படுகிறது.

1907-இல் தாயகம் திரும்பிய தாதாபாய், பம்பாயை அடுத்த வர்சோவாவில் கடலோர வீட்டில் வாழ்ந்து, 1917-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் மறைந்தார். அவருடைய பேத்திகள் பெரின் கேப்டனும் குர்ஷித்பென் நௌரோஜியும் காந்திஜியின் வழியில் இறங்கினர். தாத்தா மனு எழுதிய அதே அரசின் சிறைகளுக்கு 1930-களில் அவர்கள் சென்றார்கள்.